காலியாக விட்ட பத்து நாள்

நீங்கள் கொடுத்திருக்கும் தாள் மட்டமான தாள். பேனாவை வைத்தவுடன் மை ஊறுகிறது. பின்பக்கம் எழுத முடியாது. எங்கள் ஸ்டோருக்கு இது வந்திருந்தால் கட்டைப் பிரித்த கையோடு திருப்பி அனுப்பியிருப்பேன். முப்பத்து நாலு வருடமாக ஓர் அரசு அலுவலகத்தின் ஸ்டோரில் எழுத்தராக இருப்பவனுக்குக் கை தன்னால் தாளைத் தடவிப் பார்த்துவிடுகிறது. குறையாகச் சொல்லவில்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறேன். இன்னும் பத்துத் தாள் கொடுக்கச் சொல்லுங்கள்.

வாயால் சொன்னால் போதும், ஏட்டு எழுதிக்கொள்வார் என்றீர்கள். நானே எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். பேசினால் முன்னுக்குப் பின் போகும். எழுதினால் தேதி வாரியாக வரும். எனக்கு எதுவும் தேதி வாரியாக இருந்தால்தான் நிம்மதி.

பெயர் நெடுமாறன். வயது ஐம்பத்தொன்பது. சொந்த ஊர் நெரவி. வேலையை முன்னிட்டுக் காரைக்கால் டவுனில் குடியிருக்கிறேன். மனைவி எழில்மதி. குழந்தைகள் இல்லை. வருகிற மே மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு.

ஓய்வு என்ற சொல்லைக் கேட்டு எனக்குப் பயம் வந்தது செம்பியன் சாரால். எனக்கு முன்பு ஓய்வு பெற்றவர். பொன்னாடை போர்த்தி, மைக்கில் ஆளாளுக்கு வானளாவப் புகழ்ந்து அனுப்பிவைத்தோம். அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். மறுநாளும் வந்தார். ஒரு மாதத்தில் அவருக்கு டீ வருவது நின்றது. இரண்டாம் மாதம் அவர் வருவதும் நின்றது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நான் உட்பட. அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் நான் கொடுத்த பேனாவுக்கோ பேப்பர் கட்டுக்கோ ஒருவர்கூட நன்றி என்று சொன்னதில்லை.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தபோது எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பேச வந்தவர் விவரமான ஆள். வேலையில் இருக்கும்போதே அடுத்த வேலைக்கு அஸ்திவாரம் போடுங்கள் என்றார். மனசுக்கு நிறைவு தருவது எது என்று பாருங்கள். முதலில் சின்ன அளவில் செய்து பாருங்கள். செய்வதை எல்லாம் குறித்து வையுங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம் என்பதால் மற்றவர்கள் தூங்கி வழிந்தார்கள். நான் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன்.

எது நிறைவு தரும் என்று யோசிக்க எனக்கு அதிக நாள் ஆகவில்லை. எங்கள் தெருவையே பாருங்கள். பெரிய பெரிய வீடுகள். பிள்ளைகள் பிரான்ஸில், சிங்கப்பூரில், கல்ஃபில். உள்ளே ஒரு கிழவரோ கிழவியோ, மேலே ஓடும் ஒரு ஃபேன். நெரவியில் எனக்கு வீட்டுமனை இருக்கிறது. எட்டுக் கட்டில் போட்டு ஒரு முதியோர் இல்லம். பெயர் எழில் இல்லம். யார் கையையும் எதிர்பார்க்காமல் நானே முன்னின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை.

மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "இத்தன வருசத்துல ஒரு டம்ளரக் கழுவிக் கவுத்தினதில்ல. எட்டுப் பேரக் குளிப்பாட்டப் போறீங்களாக்கும்?"

"கத்துக்கிட்டுத்தான் செய்யப் போறேன்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் சென்னையில் ஒரு நிறுவனம் நடத்தும் முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தேன். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். பன்னிரண்டு பாடம். ஞாயிற்றுக்கிழமை போனில் வகுப்பு. ஒவ்வொரு பாடத்தையும் படித்த பிறகு உண்மையான ஒரு நோயாளிக்குச் செய்து பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பன்னிரண்டையும் ஒரே நோயாளிக்குச் செய்து முடித்தவருக்குச் சான்றிதழில் சிறப்புத் தகுதி என்று அச்சடித்துத் தருவார்கள். பாடம் எடுத்தவர் மெஹர் பானு என்ற அம்மையார். ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கெல்லாம் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "புஸ்தகம் படிச்சு யாரும் நர்ஸ் ஆவறதில்லீங்க. கை படணும்" என்பார். அதை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பறிமுதல் செய்த பொருட்களில் பச்சை அட்டை போட்டது அதுதான்.

இனி ஜெகபர் அலியைப் பற்றி.

தெருக்கோடியில் இருக்கும் மாடி வீடு அவருடையது. வயது எழுபத்திரண்டு. துபாயில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். மனைவி காலமாகிப் பல வருடம் ஆகிறது. ஒரே மகள் நுஸ்ரத், கணவன் குழந்தைகளோடு பிரான்ஸில் இருக்கிறாள். மனிதர் ஒரு இடத்தில் உட்கார மாட்டார். சாயங்காலமானால் அரசலாற்று ஓரமாகவே கடற்கரை வரைக்கும் நடை. வழியில் அகப்பட்டவர்களையும் இழுத்துக்கொண்டு போவார். "வாங்க சார், ஃபைலுக்குக் காலா மொளச்சிருக்கு, ஓடிப்போறதுக்கு?" என்று என்னையும் கூப்பிடுவார். என்னிடம் அவ்வளவு உரிமையாகப் பேசியவர் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

போன வருடம் மாங்கனித் திருவிழாவில் பழம் இறைத்ததற்கு மறுநாள் காலை. மாடியிலிருந்து வீசிய பழங்கள் மிதிபட்டுத் தெரு முழுக்க ஈ மொய்த்துக் கிடந்தது. பாய் தன் வீட்டுப் படியில் ஒருக்களித்து விழுந்திருந்தார். பழத்தில் வழுக்கிவிட்டார் என்று நினைத்துத்தான் ஓடினேன். வாய் கோணியிருந்தது. ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். உரிய நேரத்தில் சேர்த்ததால் உயிர் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வலது பக்கம் செயல் இழந்திருந்தது. பேச்சு போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. "சரி." பசிக்கிறதா என்றால் சரி. பெயர் என்ன என்றால் சரி. பக்கவாதத்தில் சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், போகப் போக மற்றதும் திரும்பும், அதுவரைக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் எங்கள் எல்லாரிடமும் சொன்னார்.

நுஸ்ரத் பறந்து வந்தாள். மூன்று வாரம் இருந்தாள். ஏற்றி இறக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாங்கிப் போட்டாள். உடற்பயிற்சி கொடுக்க ஃபயாஸ் என்ற பிசியோதெரபிஸ்டை ஏற்பாடு செய்தாள். பகலில் சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ள எங்கள் நெரவியிலிருந்து அஞ்சுகத்தை நான் அனுப்பிவைத்தேன். காலையும் மாலையும் நானே வந்து கவனித்துக்கொள்கிறேன் என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "மாமா, கூடப் பொறந்தவங்க இருந்தாக்கூட இப்புடிச் செய்ய மாட்டாங்க. அல்லாஹ் ஒங்களுக்குப் பரக்கத் செய்யணும்." எனக்கு நன்றி சொன்ன முதல் ஆள் அவள்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னதைத் தேதி போட்டு எழுதி வைத்தேன்.

முதல் நாலு பாடமும் மளமளவென்று முடிந்தன. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பல் வாய் சுத்தம் செய்வது, எழுப்பி உட்கார வைப்பது. நான் நன்றாகவே செய்தேன். மெஹர் பானு அம்மா வகுப்பில் நான் அனுப்பிய குறிப்பேட்டுப் பக்கத்தைக் காட்டி, "இப்படி எழுதணும்" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

அக்டோபர் கடைசியில் ஒரு மாலை, நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அஞ்சுகம் வாசலிலேயே மறித்தாள். "சார், பாய் இன்னிக்கு ஜன்னக்கம்பியப் புடிச்சுக்கிட்டு நாலு எட்டு வச்சாருங்க சார். என் ரெண்டு கண்ணால பாத்தேன்." அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. உள்ளே பாய் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டி ஜன்னலைக் காட்டினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே, கடற்கரைப் பக்கம் காட்டினார். பொங்கலுக்குள் பீச்சுக்கு நடந்தே போய்விடுவார் என்று ஃபயாஸும் சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கும் சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, ஐந்தாம் பாடத்தைப் பிரித்தேன். எழுந்திருக்க முடியாத நோயாளியைப் பராமரித்தல். ஆறாவது படுக்கைப்புண். ஏழாவது, கையைக் காலை உதறும் நோயாளியைப் பாதுகாப்பாகக் கட்டுவது. இப்படியே போய்ப் பன்னிரண்டாவது, இறுதி நேரப் பராமரிப்பு. நடக்கிற ஒருவரை வைத்துக்கொண்டு இதில் ஒன்றையும் செய்ய முடியாது.

வேறு நோயாளியைத் தேடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தேடினேன். இரண்டு வீடுகளில், ஆபீஸ் வேலை பார்க்கிற ஆம்பளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கதவோடு அனுப்பிவிட்டார்கள். தவிர, பாதியில் ஆளை மாற்றினால் சிறப்புத் தகுதி கிடையாது. ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. நான் அவரை நோயாளி ஆக்கவில்லை. நோயாளியாக இருந்தவரை இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருக்க வைத்தேன். அன்றைக்கு அவ்வளவுதான் நினைத்தேன்.

எந்தப் பாடமானாலும் முதலில் நோயாளியிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது விதி. நான் விதியை மீறுகிறவன் அல்ல. நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "பாய், இன்னும் நாலு மாசம் படுத்தே இருங்க. எனக்கு ஒத்தாசையா இருக்கும். அப்புறமா நடந்துக்கலாம்" என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "சரி" என்றார். சம்மதம் பெறப்பட்டது என்று எழுதித் தேதி போட்டேன். அந்த ஒரு சொல்லைத் தவிர அவரிடம் வேறு சொல் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் படிவத்தில் அதை எழுதுவதற்குக் கட்டம் கிடையாது.

ஃபயாஸிடம், நுஸ்ரத் வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டாள் என்றேன். நுஸ்ரத்திடம், ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதால் பயிற்சியை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அஞ்சுகத்திடம், அவரைத் தொட்டுத் தூக்கினால் தோள்மூட்டு விலகிவிடும், நீ சமையலை மட்டும் பார் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது தூக்கத்துக்குக் கொடுத்த மாத்திரைச் சீட்டு என்னிடம் இருந்தது. அரை மாத்திரையில் தொடங்கினேன். ஞாயிறு மட்டும் கொடுப்பதில்லை. ஞாயிறு மதியம்தான் நுஸ்ரத் வீடியோவில் வருவாள். தாடியை ஒழுங்கு செய்து, தொப்பி போட்டு, தலையணையை உயர்த்தி வைப்பேன். "நல்லாருக்கீங்களா வாப்பா?" என்பாள். "சரி" என்பார். அந்த முனையில் பேரப்பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

அப்படியும் அவர் இடது கை சும்மா இருக்கவில்லை. அரைத் தூக்கத்திலும் ஜன்னல் கம்பியைத் தேடும். பிடித்தால் விடாது. நவம்பர் நடுவில் ஏழாம் பாடத்தை முன்னால் எடுத்துக்கொண்டேன். மெத்தென்ற பருத்தித் துணி, கட்டுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. ஒவ்வொரு தடவையும் என் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டேன். ஒரு நாள்கூட அவர் கையில் தழும்பு ஏற்பட்டதில்லை. அஞ்சுகம் கேட்டதற்கு, தன் முகத்தையே பிராண்டிக்கொள்கிறார் என்று சொன்னேன். அவள் நம்பினாள். நான் சொன்னால் நம்பக்கூடியவள் என்பதால்தான் அவளை அனுப்பினேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், ஆட்சேபமில்லை.

ஆறாம் பாடத்துக்கு வருகிறேன். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இதைப் பற்றித்தான்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடம், வலம், மல்லாக்க. இதற்கு என் குறிப்பேட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நான் இல்லாத நேரத்துக்கும் தலையணை அண்டக்கொடுத்துச் சாய்த்துவைத்துவிட்டுப் போவேன். ஒழுங்காகப் புரட்டினால் புண் வராது. புண் வராவிட்டால் அதற்கு மருந்து கட்டக் கற்றுக்கொள்ள முடியாது. நாளைக்கு எழில் இல்லத்தில் எட்டுப் பேர் படுத்திருப்பார்கள். அவர்களில் ஒருவருக்குப் புண் வந்தால் நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டா நிற்பது?

டிசம்பர் 11 முதல் 20 வரை அந்தக் கட்டங்கள் காலியாக இருக்கும். பார்த்திருப்பீர்கள். பொய்யாக எதையாவது எழுதி நிரப்பியிருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் செய்யாததை எழுதுவதில்லை. அந்தப் பத்து நாளும் அவரைப் புரட்டவில்லை. விரிப்பு நனைந்தாலும் மாலை வரை மாற்றவில்லை. மாத்திரையை ஒன்றாக்கினேன்.

அது சனிப்பெயர்ச்சி நேரம். எல்லா அலுவலகத்திலிருந்தும் ஆள் எடுத்துத் திருநள்ளாற்றில் டூட்டி போட்டார்கள், எனக்கும் போட்டார்கள். நளன் குளத்தோரம் வரிசையை ஒழுங்குபடுத்துகிற வேலை. கூட்ட நெரிசலில் அவரைக் கவனிக்க முடியாமல் போயிற்று என்று சொல்லும்படி வக்கீல் சொல்கிறார். அது உண்மையில்லை. தினமும் ஆறு மணிக்குள் நான் பாய் வீட்டில் இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புரட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். கட்டுப்படுத்திக்கொள்வது அத்தனை சுலபமில்லை.

21ஆம் தேதி இடுப்புக்குக் கீழே தோல் பிரிந்திருந்தது. வெந்நீர் போட்டு, கையுறை மாட்டி, முதல் கட்டு கட்டினேன். அளவெடுத்துப் போட்டோவும் எடுத்தேன். கட்டு கச்சிதமாக வந்தது. அப்போதுதான் பாய் வாயைத் திறந்து, "வலி" என்றார்.

ஐந்து மாதத்தில் அவர் பேசிய முதல் புதுச் சொல். பேச்சில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்று அன்றைய பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் மாத்திரையை நிறுத்தவில்லை. வாப்பா தூங்குகிறார் என்று நுஸ்ரத்திடம் சொல்லிவிட்டேன்.

பொங்கலன்று மனைவி ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு அங்கே வந்தாள். அவளுக்கு மூட்டு வலி. தெருக்கோடி வரை நடந்து வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. நான் கட்டுப் பிரித்திருந்தேன். புண் அதற்குள் ஒரு கை அகலத்துக்கு விரிந்து ஆழமாகிவிட்டது. அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இது எப்படிங்க வந்துச்சு?"

"படுக்கையில கெடந்தா வர்றதுதான்."

"நீங்கதான் தெனம் ரெண்டு வேள வர்றீங்களே."

நான் பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தேன். பாய் அவளைப் பார்த்தார். கட்டியிருந்த கையின் விரல்களை மட்டும் அசைத்தார். அவள் தூக்கை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவது குறைந்தது. மாதவிலக்கு நின்ற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 2ஆம் தேதி பாய்க்குக் காய்ச்சல் கண்டது. புண்ணிலிருந்து வாடை வந்தது. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எட்டாம் பாடத்தில் தெளிவாகவே இருக்கிறது: உடனே மருத்துவமனைக்கு அனுப்பவும். ஆஸ்பத்திரி பத்து நிமிடம். ஜூலையில் இதே மனிதரை நான்தான் ஆட்டோவில் போட்டு ஓடினேன். போனைக் கையில் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே வாரம் நுஸ்ரத் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, 17ஆம் தேதி வருகிறோம், வாப்பாவைச் சென்னைக்கு அழைத்துப்போய்க் காட்டலாம் என்றிருக்கிறோம். மகள் வரட்டும், பார்க்கட்டும் என்று எனக்கும் இருந்தது. ஆனால் வந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் அவர்கள் கைக்குப் போய்விடுவார். இடைப்பட்ட பாடங்களை எல்லாம் ஜனவரிக்குள் முடித்துவிட்டேன். பன்னிரண்டாவது ஒன்றுதான் பாக்கி. போனைக் கீழே வைத்துவிட்டேன்.

நாலு நாள் ஆயிற்று. அலுவலகத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். அஞ்சுகத்தை ஊருக்கு அனுப்பிவிட்டேன். கைக்கட்டை அவிழ்த்துவிட்டேன்; அந்தப் பாடத்தில் கட்டக் கூடாது. உதட்டை ஈரத் துணியால் நனைத்தேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தவறாமல் புரட்டினேன். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அவர் கேட்பார் என்று, கடற்கரைக்கு நடந்து போவதை அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது பாலம் வந்துவிட்டது பாய், இப்போது காற்று வருகிறது பாய் என்று. 6ஆம் தேதி காலை பதினொன்றரைக்கு அடங்கிவிட்டார். அவர் இடது கை என் சட்டையைப் பிடித்திருந்தது. விடுவிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் அழுதேன். பன்னிரண்டாம் பாடத்தின் குறிப்பு, நான் எழுதியதிலேயே சிறந்தது.

மய்யித்தைக் குளிப்பாட்ட வந்தவர்களில் முகைதீன் பிச்சை என்ற பெரியவர் முதுகைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "என்ன சார் இது, எலும்பு தெரியுது" என்றார். படுக்கையில் கிடந்தவருக்கு வருவதுதான் என்றேன். அவர் என்னைத் தோளில் தட்டிக்கொடுத்து, இவ்வளவு நாள் பார்த்தீர்களே என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடக்கத்தைப் போனில் பார்த்த நுஸ்ரத், எழில் இல்லத்துக்காக எனக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதி அனுப்பினாள். கட்டிலையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் மாமா, யாருக்காவது பயன்படட்டும் என்றாள்.

குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாக நகலெடுத்து மார்ச் முதல் வாரம் சென்னைக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்து மெஹர் பானு அம்மா கூப்பிட்டார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். பொருள் பட்டியல்ல காஸ் துணி, பஞ்சு, புண்ணுக்கான களிம்பு, அளவெடுக்கிற ஸ்கேல் எல்லாம் டிசம்பர் பத்துன்னு எழுதியிருக்கீங்க. புண்ணு வந்தது இருபத்தொண்ணுதானே?"

"ஆமாங்க மேடம்."

"தேதி மாறிப் போச்சா?"

எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. முப்பத்து நாலு வருடத்தில் என் பதிவேட்டில் தேதி மாறியதில்லை. ஸ்டோர் வேலையில் முதல் பாடமே அதுதான்: தேவை வந்த பிறகு பொருளுக்கு எழுதக் கூடாது, தேவை வருவதற்கு முன்பே எழுதி வாங்கி அலமாரியில் வைத்திருக்க வேண்டும். அதை அவரிடம் விளக்கிச் சொன்னேன். 10ஆம் தேதி வாங்கி வைத்துவிட்டு, 11ஆம் தேதியிலிருந்து புரட்டுவதை நிறுத்தினேன், அப்போதுதான் புண் வருகிற அன்றைக்குக் கையில் எல்லாம் தயாராக இருக்கும் என்றேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

இணைப்பு போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். "இருக்கேன்" என்றார். "இத அவரு மகள்ட்ட நான் சொல்லணும் சார்." மூன்றாம் நாள் நீங்கள் வந்தீர்கள்.

இது கொலை என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். நடந்திருக்கக்கூடியவரை நடக்கவிடாமல் செய்தது நான். புண் வரவழைத்தது நான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பார் என்று தெரிந்தும் கொண்டுபோகாதது நான். அந்தச் சொல்லை நான் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். ஆனால் கட்டத்தைக் காலியாக விட முடியாது. கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

வருத்தம் உண்டா என்றும் கேட்டீர்கள். சிறப்புத் தகுதியை ரத்து செய்துவிட்டார்கள். அது வருத்தம்தான்.

கடைசியாக ஒன்று. என் மனைவி குரும்பகரத்தில் அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். நீங்கள் வருவதற்கு முன்பே போய்விட்டாள். பாயின் கட்டிலைக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் போட்ட அன்றைக்கு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கு மூட்டு ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். செய்தால் ஆறு வாரமாவது படுக்கையில் இருக்க வேண்டும். தம்பி வீட்டில் யார் பார்ப்பார்கள்? நீங்கள் எடுத்துவந்ததில் நீல அட்டை போட்ட புதுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அவள் பெயரும் வயதும் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு ஏட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அது வெறும் முன்யோசனை. அவளிடம் சொல்லி அனுப்புங்கள்: பயப்படாமல் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், காஸும் பஞ்சும் வாங்கி வைத்தாயிற்று.